கோலமாவு, களிமண், ரத்திப் பேப்பர்: மும்பையில் பிள்ளைகளின் ஓவிய வகுப்புக்கு எதை வாங்கலாம், எதை விடலாம்

பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக் கொடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் செய்யும் செலவு பெரும்பாலும் தண்டச் செலவு. ஆன்லைனில் வரும் ‘ஆர்ட் கிட்’ பெட்டிகளைத்தான் சொல்கிறோம். ஜிகினாத் தூள், பஞ்சு உருண்டை, ஐஸ் குச்சி, ஒட்டுக் கண், பஞ்சுக் கம்பி என்று பெட்டி நிறையச் சாமான் இருக்கும். ஆனால் எல்லாமே ஒரே ஒரு பொம்மைக்குத்தான் காணும். பிள்ளை செய்தது கோணலாகப் போனால் இன்னொரு தடவை செய்து பார்க்க மிச்சம் ஒன்றும் இருக்காது. சரியாக வந்தாலும் அத்தோடு கதை முடிந்தது. அடுத்த பெட்டிக்குப் பணம் கட்ட வேண்டும். அதே பூவை முப்பது தடவை போடும்போதுதான் பிள்ளையின் கை படியும். முப்பது தடவைக்கும் தாங்குகிற அளவு மலிவாக, வீணானாலும் அம்மா முகம் சுளிக்காத அளவு சாதாரணமாக, பிள்ளை ஏற்கெனவே வீட்டில் தொட்டுப் பழகியதாகப் பொருள் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் வைத்துத்தான் கீழே ஒவ்வொன்றையும் எடை போட்டிருக்கிறோம்.

சயான், மாட்டுங்கா, தாராவி, செம்பூர் பக்கம் வீட்டுக் கூடத்திலோ, கோயில் மண்டபத்திலோ, சொசைட்டி அறையிலோ வாரம் ஒரு மணி நேரம் வகுப்பெடுப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. பன்னிரண்டு பிள்ளைகள், ஐந்து முதல் பத்து வயது என்று கணக்கு. விலை போடவில்லை. கடைக்குக் கடை, சீசனுக்குச் சீசன் அது மாறும்; பேரமும் உண்டு.

முதல் இடம் கோலமாவுக்கு. மாட்டுங்கா கிழக்கில் பாண்டார்கர் சாலையை ஒட்டிய பூஜைச் சாமான் கடைகளில் வருஷம் முழுக்கக் கிடைக்கிறது. மராட்டியக் கடைகளில் ராங்கோளி என்று கேளுங்கள்; தீபாவளிக்கு முன்னால் தெருவோரத்திலேயே குவித்து விற்பார்கள். இரண்டும் கல்மாவுதான், அரைப்பில்தான் வித்தியாசம். வாங்கும் முன் ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்த்துப் பாருங்கள். விரலில் அப்பிக்கொண்டால் வேண்டாம்: அது திட்டுத் திட்டாக விழும், காற்றில் புகையாகக் கிளம்பும். நறநறவென்று உறுத்தினாலும் வேண்டாம்: கோடு விட்டு விட்டு வரும். விரலைத் தளர்த்தியதும் நிற்காமல் ஒழுகுகிற மாவுதான் பிள்ளைகளின் கைக்குச் சரி. இரண்டு ரகத்தையும் வாங்கிச் சலித்துக் கலந்துகொள்பவர்களும் உண்டு, தப்பில்லை. கலர் பொடி முதல் மூன்று மாதத்துக்குத் தேவையே இல்லை. கலர் கைக்கு வந்ததும் பிள்ளைகள் கோடு போடுவதை விட்டுவிட்டு நிரப்பப் போய்விடுவார்கள். மலிவான சாயம் தரையையும் கறையாக்கும்.

ஒரு எச்சரிக்கை. கல்மாவுத் தூசியில் சிலிக்கா இருக்கக்கூடும், மூச்சில் இழுப்பது நல்லதல்ல. வகுப்பு நேரத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறங்கள். முடிந்ததும் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். இழுப்பு, ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அரிசி மாவைக் கரைத்துப் போடும் மாக்கோலம் மட்டும் கொடுங்கள்.

தரையையும் பார்க்க வேண்டும். புதுக் கட்டடங்களின் வழவழப்பான விட்ரிஃபைட் டைல்ஸில் மாவு பிடிக்காது. பிள்ளை கையை எடுக்கும்போதே கோடு நகரும். பழைய சாளிலும் (வரிசை வீட்டுக் குடியிருப்பு) மாடிப்படி முகப்பிலும் கிடக்கும் கோட்டா கல், ஷாஹாபாத் கல் இரண்டும் அருமை. டைல்ஸ்தான் கதி என்றால் நோட்டுக்கு அட்டை போடும் காக்கித் தாளைச் சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும்படி டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

ஏழு வயதுக்குக் கீழே பெரும்பாலான பிள்ளைகளுக்கு மாவை அளந்து விடும் பிடி வராது. மொத்தமாகக் கொட்டும், இல்லையேல் அடைத்துக்கொள்ளும். அவர்களுக்கு மாக்கோலம். நூறு கிராம் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, துளி நறநறப்பில்லாமல் அரைத்து, தோசை மாவை விட ஒரு பங்கு நீர்க்கக் கரைத்தால் ஆறு பிள்ளைகளுக்குத் தாராளம். பழைய வேட்டித் துணியை உள்ளங்கை அளவு கிழித்து, மாவில் நனைத்து, மூன்று விரலால் பிடித்துக்கொண்டு மோதிர விரல் வழியாக ஒழுகவிட வேண்டும். இங்கே ஒன்று நடக்கும், கவனியுங்கள். ஈரமாக இருக்கும்போது கோடு மங்கலாகத்தான் தெரியும், காயும்போதுதான் வெளுக்கும். ‘ஒண்ணுமே விழல’ என்று பிள்ளை அதன் மேலேயே இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை இழுக்கும். காய்ந்த பிறகு பார்த்தால் கோடு கட்டைவிரல் அகலம் இருக்கும். ‘காத்திரு, வெளுக்கும்’ என்று முதலிலேயே ஒரு கோடு போட்டுக் காட்டிவிட்டுத் துணியைக் கொடுங்கள். மிச்சமான மாவு மும்பை வெக்கைக்கு மறுநாளே புளித்துவிடும், எடுத்து வைக்க வேண்டாம்.

எந்தக் கோலம்? பலரும் சறுக்குவது இங்கேதான். மூன்றுக்கு மூன்று ஒன்பது புள்ளி வைத்து, அதைச் சுற்றி ஒரே கம்பியில், அதாவது விட்டுப் போகாத ஒரே கோட்டில், சிக்குக் கோலம் போடு என்பார்கள். வராது. பிள்ளை தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்ளும். விஷயம் கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியையும் கம்பி சுற்ற வேண்டும், பக்கத்துப் பக்கத்துப் புள்ளி இரண்டுக்கும் நடுவில் கம்பிகள் ஒன்றையொன்று வெட்ட வேண்டும் என்ற எளிய விதிப்படி போட்டால், செவ்வகப் புள்ளிக் கட்டத்தில் எத்தனை தனிக் கம்பி வரும் என்பது வரிசைக்கும் நிரலுக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தி, அதாவது இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண். இரண்டுக்கு மூன்று என்றால் ஒரே கம்பி. மூன்றுக்கு நான்கும் ஒரே கம்பி. இரண்டுக்கு இரண்டு என்றால் இரண்டு கம்பி, மூன்றுக்கு மூன்று என்றால் மூன்று. சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி குழுவினர் 1970-களிலேயே கோலத்தின் இலக்கணத்தைக் கணினி அறிவியலோடு சேர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். வாத்தியாருக்கு அவ்வளவு வேண்டாம், இந்த ஒரு விதி போதும்.

ஆகவே வரிசை இப்படி. முதல் வகுப்பில் புள்ளியே இல்லை: நேர்கோடு, வளைவு, சுழி, ஒவ்வொன்றும் முழ நீளத்துக்கு. அடுத்து நேர்ப்புள்ளி 3, 1-ல் நிறுத்து. அதாவது நடுவில் மூன்று புள்ளி, மேலே ஒன்று, கீழே ஒன்று. எங்கே தொடங்கினாலும் ஒரே கம்பி, தொடங்கின இடத்துக்கே வந்து சேரும். அந்தச் சந்தோஷத்துக்காகவே பிள்ளை திரும்பத் திரும்பப் போடும். அது கண்ணை மூடிக்கொண்டு வருகிற வரை அடுத்ததற்குப் போக வேண்டாம். பிறகு இரண்டுக்கு மூன்று, அப்புறம் மூன்றுக்கு நான்கு. மூன்றுக்கு மூன்றை அதன் பிறகு, ‘இதில் எத்தனை கம்பி?’ என்ற புதிராகக் கொடுங்கள்.

ஒரு வகுப்பில் ஒரே கோலம் ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்றை மாற்றலாம்: புள்ளி இடைவெளி நான்கு விரல் என்பதை இரண்டு விரல் ஆக்கலாம், இடது கையால் போடச் சொல்லலாம், எதிர்த்திசையில் தொடங்கச் சொல்லலாம். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் கெட்டது என்று பிள்ளைக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ‘போரடிக்குது’ என்ற குரல் வழக்கமாக மூன்றாவது தடவையில் வரும். அப்போது வேறு கோலத்துக்குத் தாவாதீர்கள், இடைவெளியை மாற்றுங்கள். நான்காவதில் சத்தம் அடங்கிவிடும்.

பெற்றோர் தரப்பில் ‘போன வாரமும் இதேதானே?’ என்ற கேள்வி நிச்சயம் வரும். விளக்கம் சொல்லி ஜெயிக்க முடியாது. முதல் வாரம் போட்டதையும் ஆறாம் வாரம் போட்டதையும் தேதி போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். மாவில் போட்டது அழிந்துவிடும் என்பதால் மாதம் ஒரு தடவை அதே கோலத்தைத் தாளில் சாக்பீஸால் போட வைத்து எடுத்து வையுங்கள்.

சிலேட்டு இன்னும் கிடைக்கிறது, வாங்கத் தக்கது. ஆனால் கடையில் எடுத்துக் கொடுக்கும் பெரும்பாலானவை கறுப்பு மை பூசிய தகரம் அல்லது அட்டை. பூச்சு சீக்கிரம் வழுக்க ஆரம்பிக்கும், பல்பம் கீறாது. ஆந்திராவின் மார்க்காபுரம் பக்கத்துக் கல் சிலேட்டு கிடைத்தால் கனமாக இருக்கிறதே என்று பார்க்காமல் எடுத்துவிடுங்கள். விழுந்தால் உடையும், அவ்வளவுதான் குறை. நரைத்துப் போனால் கோவை இலையையும் கரியையும் சேர்த்துத் தேய்த்தால் பழையபடி கறுக்கும். இந்த ஊரில் தோண்ட்லி என்று விற்கிற கோவைக்காயின் கொடிதான். வேலி கண்ட இடமெல்லாம் படர்ந்திருக்கும். சிலேட்டின் பெரிய பலம், பிள்ளை பயப்படாமல் போடும், எச்சில் தொடாமல் ஈரத்துணியால் துடைக்கும், மறுபடி போடும். ஐந்து வயதுப் பிள்ளை பல்பத்தை வாயில் வைக்கும். அந்த வயதுக்காரர்களுக்குத் தடித்த சாக்பீஸ் கொடுத்து, போகும்போது எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.

தாள் விஷயத்தில் கடைக்கே போக வேண்டாம். தெருமுனை ரத்திக் கடையில் (பழைய பேப்பர் கடை) ஆபீஸ்களிலிருந்து வரும் ஒருபக்கம் அச்சடித்த ஏ4 தாள் கிலோ கணக்கில் கிடைக்கும். அது 70, 75 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) காப்பியர் தாள். பென்சிலுக்கும் மெழுகு கிரேயானுக்கும் போதும். கட்டைப் பிரித்து ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்: யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கு விவரமும் ஆதார் நகலும் அதற்குள் வருவது இந்த ஊரில் அதிசயமில்லை. ஈரமான வண்ணத்துக்கு இந்தத் தாள் தாங்காது, சுருண்டு கிழியும். மாதக் காலண்டரின் பின்பக்கம் வெள்ளையாக, பெரிதாக ஆசை காட்டும். ஆனால் வழவழப்புத் தாளில் கிரேயான் வழுக்கும், போஸ்டர் கலர் காய்ந்ததும் உதிரும். அதில் ஸ்கெட்ச் பேனா மட்டும்தான் நிற்கும். அதை விடத் தினமும் கிழிக்கும் சிவகாசிக் காலண்டர் தாள் மேல். பின்பக்கம் வெறுமையாக உள்ளதாகப் பார்த்துச் சேர்த்து வையுங்கள். உள்ளங்கை அளவுத் தாள், சொரசொரப்பு, முன்பக்கம் தேதி வேறு அச்சடித்து இருக்கிறது. வீட்டுப்பாடம் என்றால் இதுதான்: தினம் ஒரு தாள், அதே டம்ளர். வேறெதுவும் வேண்டாம். மாதக் கடைசியில் தேதி வரிசையில் கிளிப் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் வாரத் தாள்களில் டம்ளரின் வாய் நீள்வட்டமாகவும் அடி நேர்கோடாகவும் இருக்கும். அடியும் எப்போது வளையத் தொடங்குகிறதோ, அன்றைக்குத்தான் பிள்ளை டம்ளரைப் பார்த்துப் போட்டிருக்கிறது. அதுவரை தெரிந்ததைப் போட்டுக்கொண்டிருந்தது.

ரப்பர் வாங்காதீர்கள். இருந்தால் பிடுங்கி வையுங்கள். தப்பான கோட்டுக்குப் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடட்டும்.

வண்ணத்துக்குக் காவியிலிருந்து தொடங்குவோம். இங்கே கேரு என்பார்கள். கோலத்துக்கு ஓரம் கட்டும் அதே செம்மண் நிறம்தான். பூஜைக் கடையிலும் பெயின்ட் கடையிலும் பொடியாகவோ கட்டியாகவோ கிடைக்கும். பொடியை மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். இரண்டு மேஜைக்கரண்டி பொடி, நான்கு மேஜைக்கரண்டி தண்ணீர், ஒரு சின்ன ஸ்பூன் ஃபெவிகால். பசை குறைந்தால் காய்ந்தபின் கையில் ஒட்டிக்கொண்டு வரும். அதிகமானால் பிளாஸ்டிக் மாதிரிப் பளபளத்து, அதன் மேல் போடும் அரிசி மாவு உரிந்து விழும். காக்கித் தாளில் அகலத் தூரிகையால் ஒரே திசையில் பூசி, நாலு ஓரமும் டேப் ஒட்டிக் காயவிட்டால் சுருளாது.

இந்தக் காவித் தரையில் அரிசி மாவு என்றதும் நமக்குக் கோலம் ஞாபகம் வரும். மும்பைக்கு வடக்கே பால்கர் மாவட்டத்து வார்லி மக்களுக்கு அது கல்யாணச் சுவர். அரிசி மாவும் கோந்தும் கலந்த வெள்ளை, நுனியை மென்று தூரிகையாக்கிய மூங்கில் குச்சி, வட்டம், முக்கோணம், சதுரம். சடங்குக்குப் பெண்கள் சுவரில் போட்டுவந்ததை 1970-களில் தாளுக்குக் கொண்டுவந்து உலகம் அறியச் செய்தவர் ஜிவ்யா சோமா மாஷே. 2011-ல் பத்மஸ்ரீ பெற்றார், 2018-ல் காலமானார். பிள்ளைகளின் வகுப்புக்கு வார்லி இவ்வளவு பொருந்தக் காரணம், ஒரே உருவத்தை வரிசையாக அடுக்குவதுதான் அங்கே படமே. இரண்டு முக்கோணம் முனையோடு முனை சேர்ந்தால் உடம்பு, மேலே வட்டம் தலை. பத்துப் பேரை வரிசையாகப் போடச் சொல்லுங்கள். எல்லாரும் விறைப்பாகச் சிப்பாய்களாக நிற்பார்கள், கவலை வேண்டாம். இரண்டாவது வரிசையில் மேல் முக்கோணத்தை மட்டும் கொஞ்சம் சாய்க்கச் சொல்லுங்கள். ஆள் குனிந்து நடவு நடுவார். மூன்றாவது வரிசையில் கால்களை மடக்கினால் ஓடுவார். முக்கோணத்தை நிரப்புவது கடைசி வேலை. முதலில் நிரப்பிவிட்டால் சாய்வைத் திருத்த முடியாது. மூங்கில் குச்சிக்கு அகர்பத்திக் குச்சியே போதும். நுனியை ஒரு மணி நேரம் ஊறவைத்து நசுக்கிக் கொடுங்கள், பிள்ளைகள் மெல்ல வேண்டாம்.

மஞ்சள் தூளையும் கரைத்துப் பூசலாம். அதில் சுண்ணாம்புத் தண்ணீரில் தோய்த்த குச்சியால் கோடு இழுத்தால் சிவக்கும்; ஆரத்தித் தட்டில் பார்த்ததுதான், ஆனாலும் ஒவ்வொரு பிள்ளையும் கத்தும். தெளிந்த தண்ணீர் மட்டும், அதுவும் பெரியவர் கையில் இருக்கட்டும்; சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும், சுவரில் மாட்டி வைக்க ஆகாது.

கிரேயானுக்கும் போஸ்டர் கலருக்கும் கிராஃபோர்ட் மார்க்கெட் பக்கம் அப்துல் ரஹ்மான் தெரு. ஸ்டேஷனரி மொத்தக் கடைகள். டஜனாக எடுத்தால்தான் மதிப்பார்கள். மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அங்கே பிராண்டைப் பற்றிக் குழம்ப வேண்டியதில்லை. 1931-ல் இதே ஊரில் தொடங்கிய கேம்லினும் கிடைக்கும், மற்றவையும் கிடைக்கும். மாணவர் ரகத்தில் எல்லாமே வேலைக்கு ஆகும். கவனிக்க வேண்டியது வகையை. மெழுகு கிரேயான் கடினம், நிறம் வெளிறும். பிள்ளை அழுத்தும், ஒடியும். ஆயில் பாஸ்டல் மெத்தென்று அடர்த்தியாக விழும், ஒன்றன் மேல் ஒன்று பூசிக் கலக்கலாம். மே மாத வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் இளகிப் பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஓட்டு ஆயில் பாஸ்டலுக்கு, அதுவும் 12 வண்ணப் பெட்டிக்குத்தான். 50 வண்ணப் பெட்டி கொடுத்தால் பிள்ளை எடுப்பதிலேயே நேரம் போகும், கலக்கக் கற்காது. வாங்கியதும் காகித உறையை உரித்து ஒவ்வொன்றையும் இரண்டாக ஒடித்துவிடுங்கள். முழுசாக இருக்கிற வரை அது ஒடிந்துவிடுமோ என்ற பயம் பிள்ளைக்கு இருக்கும். படுக்கவைத்துத் தேய்க்கவும் துண்டுதான் வசதி. மஞ்சளும் வெள்ளையும்தான் முதலில் அழுக்காகும். பழைய பனியன் துணியில் துடைத்துவிட்டுத் தொடச் சொல்லுங்கள்.

போஸ்டர் கலரில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு பெரிய குப்பிகளாக. சின்னக் குப்பிகள் அடுக்கிய பெட்டி மூடி இறுகியே பாதி வீணாகும். தூரிகையில் வட்ட நுனி 8-ஆம் எண், தட்டை அரை அங்குலம், இரண்டு போதும்.

அச்சுக்கு வெண்டைக்காய், பீர்க்கங்காய், வாழைத்தண்டு. வெட்டியவுடன் தொட்டு அமுக்கினால் வெண்டையின் வழவழப்பு கலரை ஓடவிடும். பத்து நிமிஷம் துணி மேல் கவிழ்த்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள். கலரைத் தட்டில் ஊற்றாமல் நனைத்த ஸ்பாஞ்சில் தடவி அதில் ஒற்றினால் அச்சு வழுக்காது.

களிமண்ணுக்கு இந்த ஊரில் இருக்கும் வசதி வேறெங்கும் இவ்வளவு பக்கத்தில் கிடைக்காது. தாராவி தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர் குடும்பங்கள் இன்றும் பானையும் அகலும் செய்கின்றன. இந்தியில் ‘தையார் மிட்டி’ என்று கேளுங்கள். மிதித்துப் பிசைந்து சக்கரத்துக்குப் போகத் தயாராக இருப்பது. ஆளுக்கு நானூறு கிராம் வீதம் ஐந்து கிலோ வாங்கினால் பன்னிரண்டு பேருக்குச் சரி. வாங்கும் இடத்திலேயே கொஞ்சம் எடுத்துப் பென்சில் கனத்துக்குத் திரித்து விரலில் சுற்றிப் பாருங்கள். வெடிக்காமல் வளைந்தால் நல்ல மண். வெடித்தால் காய்ந்திருக்கிறது, அல்லது மணல் அதிகம். இரட்டை பிளாஸ்டிக் பையில் கட்டி, உள்ளே ஈரத்துணி போட்டு வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. நாள்பட்ட மண் இன்னும் நன்றாக வளையும், வாடைதான் கொஞ்சம் அடிக்கும்.

மண்ணில் திரும்பத் திரும்பச் செய்ய அகல் விளக்கை விட நல்ல உருப்படி இல்லை. எலுமிச்சை அளவு உருண்டை, கிட்டத்தட்ட அறுபது கிராம். இடது உள்ளங்கையில் வைத்து, வலது கட்டைவிரலை நடுவில் இறக்க வேண்டும். அடியில் அரை விரல் கனம் விட்டு நிறுத்த வேண்டும். பிறகு கட்டைவிரல் உள்ளே, மற்ற விரல்கள் வெளியே, கிள்ளிக் கிள்ளிச் சுற்ற வேண்டும். முதலில் அடி, கடைசியில் வாய். பிள்ளைகள் நேரே வாயைக் கிள்ளுவார்கள், அது பூவாக விரிந்து தொங்கிவிடும். கைச்சூட்டில் விளிம்பு காய்ந்து வெடிக்கத் தொடங்கும். உடனே பிள்ளை தண்ணீர்க் கிண்ணத்தில் கையை முக்கும், மண் கூழாகும், அழுகை. ஆகவே தண்ணீர்க் கிண்ணமே வைக்காதீர்கள். பிழிந்த ஸ்பாஞ்சு ஒன்று நாலு பேருக்கு நடுவில் போதும். விரல் நுனியை அதில் தொட்டு விளிம்பில் தடவினால் வெடிப்பு மூடிக்கொள்ளும். முடிந்த அகலை நசுக்கி மறுபடி உருண்டையாக்கச் சொல்லுங்கள். நாலு தடவை நசுக்கி ஐந்தாவதை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே சொன்னால் யாரும் அழுவதில்லை. சொல்லாமல் நசுக்கச் சொன்னால் கலவரம்.

அகல் கைவந்த பிறகு யானை. நான்கு கால், தும்பிக்கை, காது எல்லாம் தனித்தனியாகச் செய்து ஒட்டும்போது, ஒட்டும் இரண்டு பரப்பையும் முள்கரண்டியால் கீறி, குழம்பு பதத்தில் கரைத்த மண்ணைத் தடவி அழுத்த வேண்டும். வெறுமனே அழுத்தி ஒட்டியது காயும்போது விழும். ஒட்டினாலும் சில கால்கள் விழும்: காலை முதலில் செய்து வைத்துவிட்டு உடம்பை அரை மணி கழித்துச் செய்தால், காய்ந்த காலும் ஈர உடம்பும் வேறு வேறு அளவில் சுருங்கும். ஒரே நேரத்தில் செய்து, முதல் நாள் பிளாஸ்டிக் மூடியே காயவிடுங்கள். யானையின் வயிறு இரண்டு விரல் கனத்துக்கு மேல் போனால் அடியிலிருந்து குடைந்து எடுங்கள். சுட்டுத் தருவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். குயவர் ஒத்துக்கொண்டு சூளையில் வைத்தாலும், உள்ளே ஈரம் தங்கிய கனத்த பொம்மை வெடிக்கும். பக்கத்தில் இருக்கும் அவர் பானையையும் சேர்த்து உடைக்கும்.

மிச்ச மண்ணை வீசாதீர்கள். அரைகுறை ஈரத்தில் ஊறவைத்தால் கரையாமல் கட்டி கட்டியாக நிற்கும். துளி ஈரமில்லாமல் காயவிட்டு உடைத்து வாளித் தண்ணீரில் போட்டால் தானே பொலபொலவென்று உதிர்ந்து கரையும். இரண்டு நாள் கழித்து மேல்தண்ணீரை இறுத்து, பழைய பருத்திச் சேலையில் பரப்பி, பிசையும் பதம் வந்ததும் பைக்குள். கை கழுவுவதும் வாளியில்தான், பேசினில் அல்ல. மண் அடைத்த குழாய்க்குச் சொசைட்டி செக்ரெட்டரியிடம் பதில் சொல்லி மாளாது.

கணபதி சீசனில் பாக்கெட்டில் வரும் ஷாடு மண்ணும் வாங்கலாம். நெருநெருப்பே இல்லாத நைசான மண், சின்னக் கைக்கு இதம், முகம் மூக்கு செதுக்க நன்றாக வரும். காய்ந்ததும் மெல்லிய பாகங்கள் பட்டென்று ஒடியும், சுடுவதற்கு உகந்ததல்ல. அகலுக்கு வேண்டாம், பிள்ளையாருக்குச் சரி. கடையில் கலர் கலராக விற்கும் பிளாஸ்டிசின் காயாது என்பது லாபம். மூன்றாவது வாரம் எல்லாக் கலரும் கலந்து ஒரே சாணி நிறமாவது நஷ்டம். கோதுமை மாவில் உப்புப் போட்டுப் பிசைவது வீட்டில் ஒரு நாளைக்குச் சரி, வகுப்புக்கு எறும்புதான் மிச்சம்.

‘இதெல்லாம் எலிமென்டரி பரீட்சைக்கு உதவுமா?’ என்று மும்பையில் கேட்காத பெற்றோர் இல்லை. மகாராஷ்டிரக் கலை இயக்ககம் நடத்தும் எலிமென்டரி, இன்டர்மீடியட் ஓவியத் தேர்வுகளைத்தான் சொல்கிறார்கள். பார்த்து வரைதல், நினைவிலிருந்து வரைதல், டிசைன், ஜாமெட்ரி என்று தாள்கள். டிசைன் தாளில் கொடுத்த வடிவத்துக்குள் ஒரே உருவை மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். புள்ளிக் கோலமும் வெண்டைக்காய் அச்சும் பழகிய பிள்ளைக்கு அது புதிதல்ல. தினம் ஒரு டம்ளர் போட்ட பிள்ளை பார்த்து வரைதலில் நீள்வட்டத்துக்குத் திணறாது. தேர்வுக்கு ஆறு மாதம் முன்னால் மட்டும் கார்ட்ரிஜ் தாளும் (கனமான ஓவியத் தாள்) ஜாமெட்ரி பெட்டியும் வாங்கினால் போதும். ஏழு வயதிலேயே வாங்கிக் கையில் திணிக்க அவசியமில்லை.

மழைக்காலத்துக்கு ஏற்பாடு தனி. ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை மண் பொம்மை காய ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும், பூஞ்சையும் பிடிக்கும். அந்த மாதங்களில் சிலேட்டும் ஆயில் பாஸ்டலும் ஓட்டி, மண்ணை அக்டோபருக்கு வையுங்கள். அந்த மண்ணையும் செப்டம்பரிலேயே வாங்கிப் பையில் கட்டிவிடுங்கள். தீபாவளிக்கு முந்தின வாரங்களில் கும்பார்வாடாவில் அகல் சுடுகிற அவசரம். ஐந்து கிலோ மண்ணுக்கு நின்று பேச யாருக்கும் நேரமிருக்காது.